துவாஸ் ஒர்க்‌ஷாப்பில் முதல் ஆறு மாதம்

ஊரில் பத்து வருடம் லாரிக்கு அடியில் படுத்து எழுந்தவராக இருக்கலாம். சிங்கப்பூரின் தொழிற்பேட்டைகளான துவாஸிலோ சுங்கை காடுட்டிலோ ஒரு கனரக ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தால் முதல் வாரம் கையில் கொடுப்பது கிரீஸ் கன்னும் பழைய துணியும்தான். இதை அவமானமாக எடுத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்பவர்கள் உண்டு. ஃபோர்மேன் பார்ப்பது வேறு. கிரீஸ் உள்ளே போகும் நிப்பிளைத் துடைத்துவிட்டு கன்னை மாட்டுகிறாரா, மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளுகிறாரா? எக்ஸ்கவேட்டர் பக்கெட் பின்னில் பழைய கறுப்பு கிரீஸ் வெளியேறி புது கிரீஸ் தலைகாட்டும்வரை அடிக்கிறாரா, நாலு அமுக்கு அமுக்கிவிட்டு நகர்கிறாரா?

டிராக் அட்ஜஸ்டரில் இருக்கும் நிப்பிளை மற்ற நிப்பிள்களோடு சேர்த்துவிடக் கூடாது. அங்கே அடிக்கும் கிரீஸ் தேய்மானத்துக்கு அல்ல, செயினை இழுத்துப் பிடிப்பதற்கு. தெரியாமல் அடித்தால் செயின் விறைத்து, ஸ்பிராக்கெட்டும் ஐட்லரும் சீக்கிரம் தேயும். தளர்த்தும்போது இன்னும் கவனம்: வால்வை மெதுவாக, ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாமல், முகத்தை நேரே வைக்காமல் செய்ய வேண்டும். உள்ளே கிரீஸ் பெரும் அழுத்தத்தில் நிற்கிறது. வால்வு கையோடு வந்துவிட்டால் தோட்டா மாதிரி பறக்கும். சேறான சைட்டில் ஓடும் மிஷினுக்கு செயினைக் கொஞ்சம் தளர்வாகவே வைப்பார்கள். பற்களுக்கிடையே மண் சேர்ந்தால் அது தானாகவே இறுகிவிடும்.

பாஸ் (வேலை அனுமதி) விஷயத்தை விமானம் ஏறுவதற்கு முன்பே தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவிலிருந்து வருபவருக்குக் கட்டுமானத் துறையில் ஒர்க் பெர்மிட் கிடைக்கும். அதனால் நம் ஆட்களில் பலர் கட்டுமான கம்பெனிகளின் சொந்த மிஷின் யார்டுகளில்தான் ரிப்பேர் வேலை பழகுகிறார்கள். லாரி சர்வீஸ் மட்டும் செய்யும் ஒர்க்‌ஷாப் என்றால் பெரும்பாலும் எஸ் பாஸ் எனும் நடுத்தரத் திறன் ஊழியருக்கான அனுமதிதான் வழி. அதற்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 செப்டம்பர் முதல் புது விண்ணப்பங்களுக்கு 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வயது கூடக் கூட அதுவும் கூடும். இதைவிடக் குறைந்த சம்பளம் பேசி 'எஸ் பாஸ் மெக்கானிக் வேலை' என்று ஊரில் யாராவது பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். ஒர்க் பெர்மிட்டுக்கு முதலாளி கட்ட வேண்டிய 5,000 வெள்ளி பிணைத்தொகையை ஊழியர் தலையில் கட்டக் கூடாது என்பது சட்டம். சிங்கப்பூர் ஏஜென்ட் ஊழியரிடம் வாங்கும் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு: பாஸ் காலத்தில் ஒரு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை வருடமானாலும் மொத்தம் இரண்டு மாதச் சம்பளம்.

கட்டுமானத் துறைக்கு முதல்முறை வருபவர்களுக்கு ஒருநாள் அறிமுக வகுப்பு உண்டு, தமிழிலேயே நடக்கும். தூங்கி வழியாமல் கேட்டால் சம்பளச் சீட்டு, மருத்துவம், யாரிடம் புகார் செய்வது எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

ஒர்க்‌ஷாப் மொழி தனி. சீன ஃபோர்மேன், பங்களாதேஷ் வெல்டர், மியன்மார் எலக்ட்ரீஷியன், மலேசிய டிரைவர் எல்லாரும் ஒரே உடைந்த ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள். 'ஸ்பாயில்', 'கேன்', 'கெனாட்' என்ற மூன்று வார்த்தையில் பாதி நாள் ஓடிவிடும். சிக்கல் பாகங்களின் பெயரில்தான் வரும். ஊரில் லாரி ஸ்பிரிங்கின் 'மெயின் பட்டை' என்றால் பையனே எடுத்து வருவான். இங்கே 'மெயின் லீஃப்' என்று சொன்னாலும் பார்ட் நம்பர் இல்லாமல் ஸ்டோரில் எதுவும் தர மாட்டார்கள். மிஷினின் மாடல், சீரியல் நம்பர், ஹவர் மீட்டர் மூன்றையும் எழுதிக்கொள்ளாமல் ஸ்டோர் வாசலுக்குப் போவது வீண் நடை. ஒரே மாடலில் சீரியல் நம்பர் மாறினால் பம்ப்பின் சீல் கிட்டே மாறிவிடும்.

ஊரில் பழகிய கைக்கு இங்கே முதலில் புதிதாகத் தெரிவது ஒன்றுதான்: கழற்றுவதற்கு முன் அளக்க வேண்டும். ஊரில் கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்த்தே கோளாறைக் கண்டுபிடிக்கும் திறமை பெரிய திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே வாடகை மிஷின் சைட்டில் நின்றால் அதைச் சுற்றி மற்ற வேலைகளும் நிற்கும். 'பிரித்துப் பார்ப்போம்' என்று ஒரு நாளைக் கழித்தால் காலையில் வரும் போனுக்குப் பதில் சொல்ல முடியாது.

எக்ஸ்கவேட்டர் 'ஸ்லோ' என்று புகார் வந்தால் முதல் கேள்வி, எல்லா அசைவும் மெதுவா, ஒன்று மட்டுமா? எல்லாமே மெதுவென்றால் பொதுவான இடத்தில் தேட வேண்டும்: எண்ணெய் அளவு, சக்‌ஷன் ஸ்ட்ரெய்னர், பைலட் பிரஷர், மெயின் பம்ப். வால்வுகளை நகர்த்தும் பைலட் பிரஷர் பெரும்பாலான மிஷின்களில் 30 முதல் 40 பார் வரை. இது குறைந்தால் பெரிய பம்ப் நன்றாக இருந்தாலும் வால்வு ஸ்பூல் முழுதாக நகராது. இதைப் பார்க்காமல் மெயின் பம்ப்பை இறக்கியவர்கள் எத்தனையோ பேர். 20 டன் மிஷினில் உச்ச அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மெயின் ரிலீஃப் 350 பார் சுற்றுவட்டாரத்தில் இருக்கும். அதனால் டெஸ்ட் போர்ட்டில் 600 பார் கேஜ்தான் மாட்ட வேண்டும். எண்ணெய் சூடாகாமல் எடுத்த ரீடிங் எதற்கும் உதவாது.

ஒரு பக்கச் செயின் மட்டும் இழுக்கவில்லை என்றால் டிராவல் மோட்டாரைக் குற்றம் சொல்லும் முன், மேல்பாதியிலிருந்து கீழ்ப்பாதிக்கு எண்ணெயைக் கடத்தும் சென்டர் ஜாயின்ட்டிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஹோஸ்களை இடம் வலமாக மாற்றிப் பார்க்கலாம். கோளாறு அடுத்த பக்கத்துக்குத் தாவினால் மோட்டார் நல்லது. சென்டர் ஜாயின்ட்டிலோ வால்விலோ பம்ப்பிலோ தேட வேண்டும். தாவாமல் அதே பக்கம் நின்றால் மோட்டாரும் ஃபைனல் டிரைவும்தான். ஹோஸ்களைக் கழற்றிய உடனே வாயை மூட வேண்டும், பிளக் இல்லாவிட்டால் சுத்தமான பிளாஸ்டிக் பையையாவது கட்ட வேண்டும். துணியைத் திணிக்கக் கூடாது. அதிலிருந்து உதிரும் ஒரு நூல் பைலட் வால்வில் போய் உட்கார்ந்தால் அடுத்த புகாரும் உங்கள் பெயரில்தான் வரும்.

ஹோஸ் கசிவைக் கையால் தடவித் தேடும் பழக்கம் இருந்தால் முதல் நாளே அதை விட்டுவிட வேண்டும். ஊசித் துளை வழியாக வரும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். வெளியே தெரிவது ஒரு சிறு புள்ளி, வலியும் முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் சில மணி நேரத்தில் கை வீங்கும், விரலையே இழக்க நேரலாம். அட்டைத் துண்டைக் காட்டித்தான் கசிவைத் தேட வேண்டும். குத்திவிட்டது என்று சந்தேகம் வந்தாலே, 'பேண்ட் எய்ட் போட்டால் சரி' என்று தங்கும் விடுதியான டார்முக்குப் போகாமல், மருத்துவமனையில் 'ஹைட்ராலிக் இன்ஜெக்‌ஷன்' என்ற வார்த்தையைச் சொல்ல வேண்டும். அந்த வார்த்தைதான் டாக்டரை அவசரப்படுத்தும்.

லாரிப் பக்கம் போனால் முதலில் வீல் நட். இங்கே ஓடுபவற்றில் இசூசு, ஹினோ, ஃபுசோ, யூடி நிறைய. ஸ்கேனியா, வோல்வோவும் உண்டு. பழைய ஜப்பான் முறைச் சக்கரங்களில் இடது பக்கம் இடப்புரி, வலது பக்கம் வலப்புரி. ஸ்டட் முனையில் எல், ஆர் என்று குத்தியிருக்கும். துருவைத் தேய்த்துவிட்டுப் பார்க்காமல் இம்பேக்ட் கன்னைத் தவறான திசையில் பிடித்தால் ஸ்டட் முறியும், அல்லது இன்னும் இறுகும். பின்சக்கர ஜோடியில் உள் நட், வெளி நட் என்று இரண்டு. உள் நட்டை இறுக்க வேண்டுமென்றால் வெளி நட்டைத் தளர்த்தியே ஆக வேண்டும். அப்படியே வெளியே இறுக்கினால் உள் சக்கரம் ஆடிக்கொண்டே இருக்கும், ஸ்டட் ஒவ்வொன்றாக ஒடியும். புது ஐஎஸ்ஓ முறையில் எல்லாமே வலப்புரி, ஒற்றை நட், 33 மில்லி சாக்கெட். முறுக்கு விசை பொதுவாக 550 முதல் 600 நியூட்டன் மீட்டர். கன் வைத்து இறுக்கிவிட்டு விட்டுவிடாமல் டார்க் ரெஞ்சில் 'கிளிக்' கேட்க வேண்டும், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்க வேண்டும்.

ஏர் பிரேக்கில் பின்பக்க இரட்டைச் சேம்பர்தான் ஆளைக் கொல்லும் பாகம். அதன் பின்பாதியில் பார்க்கிங் ஸ்பிரிங் பல நூறு கிலோ விசையோடு அமுங்கி இருக்கிறது, காற்றை இறக்கினாலும் அது அமுங்கித்தான் இருக்கும். சேம்பரை மாற்றும் முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கேஜிங் போல்ட்டைத் துளையில் விட்டு, கால் சுற்றுத் திருப்பி மாட்டி, நட்டைக் கை ஸ்பேனரால் இறுக்கி ஸ்பிரிங்கைச் சிறைப்படுத்த வேண்டும். ஸ்பிரிங் பக்கத்து கிளாம்பை எக்காரணத்துக்கும் பிரிக்கக் கூடாது. அதை ரிப்பேர் செய்வதில்லை, முழுதாக மாற்றுவதுதான். ஏர் அளவுகளை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது: காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் பெரும்பாலும் 120 முதல் 125 பிஎஸ்ஐ சுமாரில் கட் ஆகும், 60க்கு இறங்கும்போது எச்சரிக்கை பஸ்ஸர் அலற வேண்டும். பிரேக் இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஆட்டோ ஸ்லாக் அட்ஜஸ்டரை அடிக்கடி கையால் இறுக்க வேண்டியிருந்தால் அட்ஜஸ்டரோ கேம் புஷ்ஷோ போய்விட்டது என்று அர்த்தம். இறுக்கி அனுப்பினால் வாரம் கழித்து அதே லாரி வரும்.

இந்த ஊருக்கே உரிய ஒரு கோளாறு, டிபிஎஃப் எனும் டீசல் புகை வடிகட்டியின் அடைப்பு. 2018 முதல் புது டீசல் வண்டிகளுக்கு யூரோ 6 தரம். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி சுத்தமாக வேண்டுமானால் அதற்குள் சுமார் 600 டிகிரி சூடு ஏற வேண்டும். கிழக்கிலிருந்து மேற்கே 50 கிலோமீட்டர்தான் தீவு. லாரி அதற்குள் சூடேறுவதற்கு முன்பே சைட் வந்துவிடும், பிறகு ஏசிக்காக ஐட்லிங்கில் மணிக்கணக்கில் நிற்கும். டிரைவர் விளக்கு மின்னியும் கரியை எரித்துச் சுத்தம் செய்யும் ரீஜெனரேஷன் பட்டனை அழுத்தாமல் விட்டால் கடைசியில் வண்டி சக்தி இழந்து நம்மிடம் வரும். வடிகட்டியைச் சுத்தம் செய்வதோடு நிறுத்தாமல் இன்ஜெக்டர் கசிவு, டர்போ எண்ணெய், புகையில் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பும் இஜிஆர் மூன்றையும் பார்க்க வேண்டும். அடைக்க வைத்த காரணம் அங்கேதான் ஒளிந்திருக்கும். டிரைவருக்கு நாலு வார்த்தை சொல்லி அனுப்புவதும் ரிப்பேரில் சேர்த்திதான்.

24 வோல்ட் வண்டி என்பதால் பேட்டரி இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். நல்லதோடு பழையதைச் சேர்த்தால் நல்லதும் சீக்கிரம் சாகும். ஓடும்போது 28 வோல்ட் ஒட்டிக் காட்டினால் ஆல்டர்னேட்டர் சரி. கண்டதற்கெல்லாம் வார்னிங் விளக்கு எரிந்தால் முதலில் எர்த் பாயின்ட். இந்த ஊர் ஈரத்தில் பச்சை பூத்திருக்கும்.

பரிசோதனைத் தேதியை ஒர்க்‌ஷாப் பலகையில் பெரிதாக எழுதி வைத்திருப்பார்கள். சரக்கு லாரிக்குப் பத்து வயதுவரை வருடம் ஒருமுறை, அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பிரேக் ரோலரில் இடமும் வலமும் ஒன்றாகப் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். 12,000 கிலோவுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு இருந்த 60 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 2024 முதல் 3,501 கிலோவிலிருந்தே கட்டம் கட்டமாக வருகிறது. 'கொஞ்சம் கூட்டிக் கொடு தம்பி' என்று எந்த டிரைவர் கெஞ்சினாலும் அதில் கை வைக்கக் கூடாது. லைசென்ஸ் இல்லாமல் ரோட்டில் டெஸ்ட் ஓட்டுவதும் அப்படித்தான். 2,500 கிலோ வெற்று எடைக்கு மேற்பட்ட லாரிக்குக் குறைந்தது கிளாஸ் 4 வேண்டும். யார்டுக்குள் நகர்த்துவது வேறு, கேட்டைத் தாண்டுவது வேறு.

ஜாப் ஷீட்டை மூன்று வரியில் எழுதப் பழகினால் போதும்: என்ன புகார், என்ன காரணம், என்ன செய்தோம். அளந்த எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும். ஓவர்டைம் மணியைத் தனி நோட்டில் குறித்து மாதக் கடைசியில் சம்பளச் சீட்டோடு ஒப்பிட வேண்டும், அடிப்படை மணிக் கூலியில் ஒன்றரை மடங்கு. ஞாயிறு லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போனால் நல்ல டார்ச்சும் காந்தக் குச்சியும் சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம், கீழே விழுந்த போல்ட்டைத் தேடும் நேரம் மிச்சம். சொந்தச் சாமான் ஒவ்வொன்றிலும் முதல் நாளே ஒரு நிறத்தில் பெயின்ட் கோடு போட்டு, பட்டியலில் ஃபோர்மேன் கையெழுத்தை வாங்கி வைக்க வேண்டும். கம்பெனியை விட்டுக் கிளம்பும் நாளில் எது யாருடைய 19 ஸ்பேனர் என்ற பேச்சு கட்டாயம் வரும்.