மோரே கேட்டைத் தாண்டி பெகு வரை

2019 பிப்ரவரியில் மணிப்பூரின் எல்லை ஊரான மோரே வழியாகத் தரையிலேயே பர்மாவுக்கு, அதாவது இன்றைய மியான்மருக்கு, போய் வந்தேன். இன்று அந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது, இருந்தாலும் எப்படிப் போனேன் என்பதை எழுதி வைத்துவிடுகிறேன்.

எங்கள் தாத்தா பிறந்தது பர்மாவில் உள்ள பெகுவில். 1962ல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார், அடுத்த இரண்டு வருடத்தில் கடை கண்ணி எல்லாம் அரசாங்கத்துக்கு என்று ஆனது, 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டும் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். தாத்தா குடும்பத்தோடு சென்னைக்குக் கப்பலேறினார். அவர் தம்பிக்கு இங்கே முகாமில் இருப்புக்கொள்ளவில்லை. பாஷை ஒன்றுதான் சொந்தம், நிலமும் இல்லை, தொழிலும் இல்லை, அதனால் இம்பால் வரை போய் அங்கிருந்து மலை வழியாக நடந்தே பர்மாவுக்குத் திரும்பிவிடலாம் என்று கிளம்பியவர்களோடு அவரும் மனைவியும் சேர்ந்துகொண்டார்கள். எல்லையில் பர்மாக்காரர்கள் உள்ளே விடவில்லை. திரும்பி வரவும் மனம் வராமல் மோரேயிலேயே குடிசை போட்டார்கள். அப்படித் தங்கிவிட்டவர்களால்தான் அங்கே ஒரு தமிழ்ச் சங்கமும், அங்காள பரமேஸ்வரி முனீஸ்வரர் கோயிலும், காலையில் இட்லி கிடைக்கும் தெருவும் இருக்கின்றன.

சரி, போன விஷயம். முன்பெல்லாம் நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்கள் இந்த வழியில் போக மியான்மர் அரசின் சிறப்பு அனுமதி வாங்கியாக வேண்டும். 2018 மே மாதம் இரு நாடும் தரைவழிப் பயண ஒப்பந்தம் போட்டு, ஆகஸ்ட் 8ம் தேதி மோரேக்கும் எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள தமு ஊருக்கும் இடையிலான கேட்டைத் திறந்தார்கள். பாஸ்போர்ட்டும் விசாவும் இருந்தால் போதும் என்று ஆனது. செய்தியைப் படித்த அன்றே முடிவு செய்துவிட்டேன். விசாவை டெல்லியில் உள்ள மியான்மர் தூதரகத்தில் முன்கூட்டியே வாங்கினேன்.

இம்பாலிலிருந்து மோரே சுமார் 110 கிலோமீட்டர். பல்லேல் வரை சமவெளி, அப்புறம் தெங்னௌபால் மலை ஏற்றம். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி அடையாள அட்டையைக் காட்டி நடந்துபோய் மறுபடி ஏறவேண்டும். அன்று இரவு சின்னப் பாட்டி வீட்டில் தங்கினேன்.

மோரேயில் இரண்டு கேட். அப்போது இரண்டாம் கேட்டில் அடையாள அட்டையைக் கொடுத்து ஒரு நாள் சீட்டு வாங்கினால் பர்மாப் பக்கம் உள்ள நாம்பலோங் சந்தைக்குப் போய்விட்டுச் சாயங்காலத்துக்குள் திரும்பிவிட முடிந்தது. போர்வை, செருப்பு, பிளாஸ்டிக் சாமான் எல்லாம் குவிந்து கிடந்தன, நம் ரூபாயே செல்லுபடியானது. எல்லையை ஒட்டி இரு பக்கமும் 16 கிலோமீட்டருக்குள் இருந்த மலைவாழ் மக்களுக்கு அப்போது விசா வேண்டியிருக்கவில்லை. சின்னப் பாட்டி ஐம்பது வருடமாக அந்த ஒரு நாள் சீட்டில்தான் போய் வந்துகொண்டிருந்தார். சந்தைக்கும் தமு ஊருக்கும் அப்பால் ஒரு அடி வைத்ததில்லை.

நான் போக வேண்டியது ஒன்றாம் கேட். இந்தியப் பக்கம் படிவம், முத்திரை, பத்து நிமிடம்தான். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு நட்புப் பாலத்தில் நடந்தேன். நம் பாதிக்கு வெள்ளை, அவர்கள் பாதிக்கு மஞ்சள். நிறம் மாறும் இடத்தில் கொஞ்சம் நின்றேன், சின்னத் தாத்தாவுக்குக் கிடைக்காத ஒரு எட்டு அது. பாலம் தாண்டியதும் வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும்.

சிக்கல் அந்தப் பக்கம்தான். தங்கும் விடுதி முகவரி எழுத வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு உரிமம் உள்ள விடுதியில்தான் தங்கவேண்டும் என்பது தெரியும், ஆனால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அதிகாரி பாஸ்போர்ட்டை மூடி ஓரமாக வைத்துவிட்டார். எனக்கு பர்மிய மொழி தெரியாது, அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வாசலில் நின்ற ஒரு தமிழ் டிரைவர் அடுத்த ஊரான கலேமியோவில் ஒரு விடுதிக்குப் போன் போட்டுக் கொடுத்து, பெயரையும் முகவரியையும் பர்மிய எழுத்திலேயே எழுதித் தந்தார். முத்திரை விழுந்தது. நான்கு நகல் பாஸ்போர்ட், நான்கு போட்டோ, விடுதிப் பதிவுச் சீட்டு, இவை கையில் இருந்திருந்தால் அரை மணி நேர வேலை.

தமுவிலிருந்து கலேமியோ போகும் சாலை நம் எல்லைச் சாலை நிறுவனம் போட்டது, 2001ல் திறந்தார்கள். அங்கிருந்து பேருந்து மாறி மாறி பெகு போய்ச் சேர்ந்தேன்.

திரும்பும்போதும் அதே கேட். சின்னப் பாட்டியிடம் போனில் பெகு ரயில் நிலையப் படத்தைக் காட்டினேன். விரலால் இழுத்துப் பெரிதாக்கி ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பக்கம் ஒரு புளியமரம் இருக்கணுமே, நீ ஏன் தள்ளி நின்னு எடுக்கல?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக கேட்டை மூடினார்கள். அடுத்த வருடம் பர்மாவில் ராணுவ ஆட்சி. 2023 வன்முறையில் மோரேயிலும் வீடுகள் எரிந்தன. 2024 பிப்ரவரியில் எல்லை மக்கள் விசா இல்லாமல் போய்வரும் ஏற்பாட்டையே நிறுத்தப்போவதாக மத்திய உள்துறை அறிவித்தது, வேலியும் போடுகிறார்கள். மணிப்பூருக்குள் போகவே 2020லிருந்து உள்நுழைவு அனுமதி வேண்டும்.

சின்னப் பாட்டி போன் செய்தால் நலம் விசாரிப்பதற்கு முன்பே கேட்பது, கேட் திறக்கிறதாகப் பேப்பரில் ஏதாவது போட்டிருக்கிறார்களா என்றுதான்.