வைரவர் மடை முடியட்டும்

ஆகஸ்ட் 18, 2025, திங்கள்

பெரியம்மாவின் மகன் ரொறன்ரோவிலிருந்து வந்து இறங்கிவிட்டார். பதினைந்து வருடத்துக்குப் பிறகு வருகிறார். கூடவே பதினான்கு வயது மகள். அவளுக்கு இதுதான் முதல் தடவை. பெட்டிகளை விறாந்தையில் வைத்த கையோடு அண்ணை சொன்னார்: "எனக்கு ரெண்டே ரெண்டு சாமான்தான் வேணும். நண்டுக் கறியும் ஒடியல் கூழும்." காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற கூழ்.

அடுக்களைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நல்லூரிலை கொடி ஏறி நிக்குது. வைரவர் மடை முடியட்டும், பாப்பம்."

நல்லூர்க் கந்தனுக்குக் கொடியேறினால், வைரவர் மடையோடு திருவிழா முடியும் வரை வீட்டில் மச்சம் இல்லை. ஜூலை 29இல் கொடியேறும் முன்பே வீட்டைக் கழுவி, மீன் இறைச்சி காய்ச்சுகிற மச்சச் சட்டிகளைச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றியாயிற்று. அண்ணைக்கு அதெல்லாம் மறந்துபோய்விட்டது. "கடையிலை சாப்பிடலாம்தானே?" என்று என் காதுக்குள் கேட்டார். எங்கள் சந்தியில் இருக்கிற மச்சக் கடையும் இந்த நாட்களில் சைவக் கடைதான் என்றேன். முகம் விழுந்துவிட்டது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மத்தியானம் மலாயன் கபே. சலவைக்கல் மேசை, வாழையிலை, வாளியோடு வந்து கேட்காமலே சோறு போடுகிற கை. அண்ணை இளவட்டத்தில் இதே கடையில் குந்தியிருந்து அரசியல் கதைத்தவராம். இலையைப் பார்த்ததும் நண்டை மறந்துவிட்டார். பருப்பு, கத்தரிக்காய், கீரை, பிறகு சொதி. சொதியைச் சோற்றில் விடாமல் கையில் ஏந்திக் குடித்தார். மகள் அதைப் படம் எடுத்துக்கொண்டாள்.

"சித்தப்பா, இது யாழ்ப்பாணம், பிறகு ஏன் மலாயன்?" என்று கேட்டாள். வெள்ளைக்காரன் காலத்தில் நம்முடைய ஆட்கள் கூட்டம் கூட்டமாக மலாயாவுக்குப் போய் ரெயில்வேயிலும் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்த கதையைச் சொன்னேன். பென்சனோடு திரும்பி வந்து ஊரில் கல்வீடு கட்டினவர்களுக்கு "மலாயன் பென்சனியர்" என்றுதான் பெயர். "அப்ப நாங்கள் எப்பவும் எங்கேயாவது போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறம்" என்றாள். அண்ணை இலையை மடித்துக்கொண்டு எழும்பினார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

தேர். விடிய நாலரைக்கே போனோம். சனம், மணல், அரோகரா. வெயில் ஏறியதும் பிள்ளை வாடிப்போனாள். ரியோவில் நிற்க இடமில்லை. அரை மணித்தியாலம் காத்திருந்து மூன்று கிளாஸ் ஐஸ்கிறீம். திருநீறு பூசிய நெற்றிகளும் கையில் கரண்டிகளுமாக அந்தக் கூட்டத்தைப் பார்க்கவே ஒரு தனி வடிவு. வேறொன்றும் எழுத ஏலாது, கால் வலி.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தீர்த்தம் முடிந்து பின்னேரம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அம்மாச்சி உணவகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இங்கே வருகிறவர்களுக்கு முதலில் காட்ட வேண்டிய கடை இதுதான் என்பது என் கட்சி. பெண்கள் நடத்துகிறார்கள். ஒருவர் அப்பம் சுட, அடுத்தவர் தோசை வார்க்க, இன்னொருவர் குரக்கன் பிட்டு அவிக்க, நாங்கள் தட்டோடு போய் வாங்க வேண்டியதுதான். தெற்கில் இதே திட்டம் "ஹெல பொஜுன்" என்ற பெயரில் நடக்கிறது. இங்கே அம்மாச்சி என்ற பெயரைக் காப்பாற்றவே ஒரு இழுபறி நடந்தது.

எங்களுக்கு முன்னால் நயினாதீவுக்குப் போய் வந்த ஒரு சிங்களக் குடும்பம் நின்றது. தோசைக்காரி அக்காவுக்குச் சிங்களம் தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அவர்கள் விரலைக் காட்ட, அக்கா இடிசம்பலைக் காட்டி, கண்ணைச் சுருக்கி "உறைக்கும்" என்று முகத்தாலேயே சொன்னார். அவர்கள் சிரித்துக்கொண்டு இன்னும் ஒரு கரண்டி வாங்கினார்கள். அண்ணைக்குத்தான் உறைத்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. கனடாக்காரர்!

ஆகஸ்ட் 23, சனி

இன்று செய்தது அம்மாவுக்குத் தெரிந்தால் கதை முடிந்தது. பூங்காவனத் திருவிழா பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, அண்ணையின் கரைச்சல் தாங்காமல், புதிதாகத் திறந்த ஒரு குளிரூட்டிய கடைக்குப் போனோம். பெயர் வேண்டாம். உணவுப் பட்டியல் பதினாலு பக்கம். நாசி கொரெங், மொங்கோலியன் றைஸ், பட்டர் நாண், சிக்கன் டெவில், பீட்சா. கடைசிப் பக்கத்தில், பனை ஓலைப் படத்துக்குக் கீழே, "யாழ்ப்பாணத்து விசேடம்". முதலாவது பெயரே ஒடியல் கூழ்.

அண்ணை விரலை அதில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். பரிமாறுகிற தம்பி தலையைச் சொறிந்தான். "கூழ் ஞாயிறுதான் ஐயா. அதுவும் முதல் நாள் ஓடர் தரவேணும், பத்துப் பேருக்குக் குறையச் செய்யமாட்டம்." சரி, நண்டாவது வரட்டும் என்றோம். வந்தது வெள்ளை வெளேரென்று. பட்டர், கறிமிளகாய்த் துண்டுகள், வெட்டின பெரிய வெங்காயம், ஒரு இனிப்பு. வறுத்த தூளின் மணம் மருந்துக்கும் இல்லை, முருங்கையிலை இல்லை. நண்டு நல்ல நண்டு, அதுதான் வயிற்றெரிச்சல். "இது எந்த ஊர்க் கறி தம்பி?" என்று கேட்டார் அண்ணை. "வெளிநாட்டு ஆக்களுக்கு உறைப்புக் குறைச்சு ஐயா" என்றான் அவன். அண்ணையின் காலுறையைப் பார்த்திருப்பான் போலிருக்கிறது.

பிள்ளை கேட்ட கொத்து ரொட்டியில் மட்டும் ஒரு குறையும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கல்லில் இரண்டு தகடுகளும் டக்கு டக்கென்று விழ, ரொட்டியும் முட்டையும் லீக்ஸும் கறிக் குழம்பும் ஒன்றாகிற வரை அவள் கண்ணெடுக்கவில்லை. சத்தம் ஒரு தாளத்துக்கு வந்த பிறகு, தொடையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும் வழியில் ஒரு தேநீர்க் கடையில் பிளேன்ரீ. கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸ், பற்றிஸ், கட்லட். பக்கத்தில் ரோல்ஸை விடப் பருத்த ஒன்று. "இது என்ன?" "மிதிவெடி." உள்ளே அரை முட்டையும் மீனும் வைத்துச் சுருட்டி, பாண் தூளில் பிரட்டிப் பொரித்தது. அவள் கைபேசியில் அந்தச் சொல்லைத் தட்டிப் பார்த்தாள். பார்த்ததும் கையிலிருந்ததைத் தட்டில் வைத்துவிட்டாள். "ஏன் இப்பிடி ஒரு பேர்?" நிலத்தில் புதைத்து, கால் பட்டால் வெடிக்கிறதுதான் மிதிவெடி. யுத்த காலத்தில் நாக்கில் ஏறிய சொல், தின்பண்டத்திலும் ஏறிவிட்டது. இதைப் பிள்ளைக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அண்ணை "சாப்பிடு, வெடிக்காது" என்றார். ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டாள்.

படுக்கையில் யோசித்தேன். பாண் போர்த்துக்கேயன் தந்த சொல். அவன் வராவிட்டால் நம்முடைய தூளில் செத்தல் மிளகாயே இருந்திராது. மிளகை வைத்துத்தான் சமாளித்திருப்போம். ஒல்லாந்தன் 1658இலிருந்து 1795 வரை கோட்டைக்குள் இருந்தான். சோறும் கறியும் வாழையிலையில் பொதிந்து சுடுகிற லம்பிரைஸ் அவர்கள் வழி வந்த சாப்பாடு என்கிறார்கள். கோட்டைப் பக்கம் ஒரு கடையிலும் அதை நான் கண்டதில்லை. வந்ததையெல்லாம் தட்டில் வைத்து விற்கப் பழகிவிட்டோம். கூழ்தான் தட்டுக்கு அடங்காது. அது ஆளுக்கு ஒன்றாக அடுப்பில் ஏறுகிற சாமான் இல்லை. பெரிய பானை வேண்டும், சுற்றியிருக்க ஆட்கள் வேண்டும், ஆறினால் களியாகிவிடும். அந்தத் தம்பி பத்துப் பேர் என்று சொன்னதில் பிழையில்லை. நண்டைத்தான் மன்னிக்க ஏலாது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வைரவர் மடை. அம்மா பரணிலிருந்து சாக்கை இறக்கச் சொன்னார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஐந்துசந்திப் பக்கம் கூட்டாளி ஒருவரோடு மத்தியானம் பிரியாணி. அவர் சோனகத் தெருவில் பிறந்தவர். 1990 ஒக்ரோபரில் இங்கிருந்த மற்ற முஸ்லிம் சனத்தோடு, கையில் கிடைத்ததோடு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, சண்டை முடிந்த பிறகு திரும்பினவர். வட்டலப்பம் வந்ததும் அண்ணை "இது உங்கடை ஆக்களின்ரை கைப்பக்குவம், இதை விட்டிட்டு இருந்தம்" என்றார். கூட்டாளி பேச்சை மாற்றி கிரிக்கெட்டுக்குப் போனார். நானும் கூடவே போனேன்.

ஆகஸ்ட் 27, புதன்

விடிய ஐந்தரைக்குப் பாசையூர்ச் சந்தை. நண்டு, றால், கணவாய், கூழுக்கென்று சின்ன மீன். அண்ணை பேரம் பேசினார். உச்சரிப்பைக் கேட்டதும் மீன்காரர் விலையைக் கூட்டினார். பிறகு நான் பேசினேன்.

ஒடியல் மாவை அம்மா முதலே தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த தண்ணீரை இரண்டு தரம் ஊற்றிக் கசப்பை எடுத்து வைத்திருந்தார். பின்வளவில் மூன்று கல் வைத்து அடுப்பு. பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, ஒரு பிடி அரிசி, அது அவிய மீனும் றாலும் நண்டும். அரைத்த செத்தலும் புளியும் மாவோடு கரைந்து உள்ளே போனதும் பானை தடித்து, குமிழி ஒவ்வொன்றாக "ப்ளக்" என்று வெடித்தது. கடைசியாக முருங்கையிலை. பக்கத்து வீட்டுக்காரர், என் மனிசியின் தமையன், வேலி கட்ட வந்த இருவர், எல்லாமாகப் பதினொரு பேர்.

பனை ஓலையைக் கிண்ணம் மாதிரி மடித்துப் பிளா கோலி அம்மா முதலாவதை அண்ணையிடம் நீட்டினார். ஒரு வாய் குடித்தார், ஒரு தேங்காய்ச் சொட்டுக் கடித்தார், மூக்கைத் துடைத்தார். அவ்வளவுதான், ஒன்றும் சொல்லவில்லை. மூன்று தரம் வாங்கிக் குடித்தார்.

பிள்ளைக்கு நண்டுக் கால் பிடித்தது, கூழ் தொண்டையில் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் பிளாவைப் பிடித்தபடி இருந்தாள். பிறகு உள்ளே போய், காலையில் கடையில் வாங்கி வைத்திருந்த மிதிவெடியை எடுத்து வந்து, ரொட்டியைச் சம்பலில் தொடுகிற மாதிரிக் கூழில் தோய்த்துத் தின்னத் தொடங்கினாள். எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம்.

அம்மா அகப்பையைப் பானையில் சாத்திவிட்டு வந்தார். "உதுக்குள்ளை மாடோ?"

"இல்லை அப்பம்மா, மீனும் முட்டையும்."

"அப்ப எனக்கும் ஒரு பாதி தா."