மண்ணுக்குள் போகும் பணம்

குடிநீர் வழங்கல் பிரிவில் பொறியாளராகச் சேர்ந்த புதிதில், ஒரு பழைய வார்ப்பிரும்புக் குழாயை அறுத்து எடுத்தோம். 150 மி.மீ. லைன். துண்டைத் தூக்கி உள்ளே பார்த்தேன். சுற்றிலும் துருக்கட்டிகள் புற்று மாதிரி வளர்ந்திருந்தன. நடுவில் 100 மி.மீ. அளவுக்குத்தான் வழி. அவ்வளவு சுருங்கினால், அதே அழுத்தத்தில் போகும் தண்ணீர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று வந்த மனுக்களுக்கெல்லாம் காரணம் என் கையில் இருந்தது. அதுவரை நாங்கள் எழுதி வைத்திருந்த எஸ்டிமேட்டோ பெரிய மோட்டாருக்கு.

மோட்டாரை மட்டும் பெரிதாக்கினால் அழுத்தம் கூடும், பழைய ஜாயின்ட்டுகள் இன்னும் ஒழுகும், மின்கட்டணமும் ஏறும்.

ஒழுகுவதைக் கண்டுபிடிக்க இரவு 2 மணிக்கு மேல்தான் கிளம்புவோம். அந்த நேரத்தில் யாரும் பெரிதாகத் தண்ணீர் பிடிப்பதில்லை; அப்போதும் மீட்டர் வேகமாகச் சுற்றினால் அது பெரும்பாலும் கசிவுதான். எங்கள் ஃபிட்டர் ஒரு இரும்புக் கம்பியை வால்வின் மேல் ஊன்றி, மறுமுனையில் காதை வைப்பார். "சார், இங்க வந்து கேளுங்க" என்றார் ஒருநாள். மெல்லிய, விடாத ஒரு 'ஸ்ஸ்...' தோண்டினால் 6 மி.மீ. துளை ஒன்று. தண்ணீர் மேலே வராமல் பக்கத்துச் சாக்கடைக்குள் இறங்கியிருக்கிறது. 40 மீட்டர் அழுத்தத்தில், அதாவது தண்ணீரை 40 மீட்டர் உயரத்துக்கு ஏற்றக்கூடிய அழுத்தத்தில், அந்தத் துளை வழியாக நாளொன்றுக்குச் சுமார் 40,000 லிட்டர் போகும். எத்தனை மாதமாகப் போனதோ!

தண்ணீர் வெளியே போவதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. சப்ளையை நிறுத்தியதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கிவிடும். அதே துளை வழியாகச் சாக்கடை நீர் உள்ளே வரும். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சி இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

ஆனாலும் நிதி என்று வந்தால் முதலில் ஒதுக்கப்படுவது மேல்நிலைத் தொட்டிக்கு. தொட்டி எல்லோர் கண்ணுக்கும் தெரியும், திறப்பு விழா நடத்தலாம். குழாய் மாற்றுவதற்கு ரோட்டை வெட்ட வேண்டும், மறுபடி போட வேண்டும், மக்களிடம் திட்டு வாங்க வேண்டும். அதனால் பணம் பற்றாதபோது முதலில் வெட்டு விழுவதும் அதில்தான். பராமரிப்புக்கு இன்னும் மோசம். திட்டத்துக்குக் கிடைக்கிற பணம், பத்து வருஷம் கழித்து ஒரு வால்வு மாற்றக் கிடைப்பதில்லை. இது தப்பு என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். எங்கே எவ்வளவு ஒழுகுகிறது என்று அளக்காமல் புதுத் தொட்டி கட்டுவது, மக்கள் பணத்தை அந்தத் துளைகளுக்கே கொடுப்பதுதான்.

சரி, மேட்டுத் தெருவுக்கு வருகிறேன். மோட்டார் எஸ்டிமேட்டைத் திரும்ப வாங்கி, குழாய்க்கு எழுதினேன். ஒப்புதல் வர இரண்டு வருஷம் ஆனது. புது லைனில் தண்ணீர் விட்ட அன்று கடைசி வீட்டுக் குழாயில் அழுத்தமானியை மாட்டினோம். 7 மீட்டர் காட்டியது. மோட்டார் அதே பழைய மோட்டார். ஃபிட்டர் அதைக் கழற்றுவதற்குள் அந்த வீட்டம்மா குடத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.