தப்பாய்ப் போன கணக்கை என்ன செய்வது?

நுழைவுத்தேர்வுக்குக் கணக்குப் போட்டுப் பழகுகிறவர்களிடம் கேட்டால், "இன்றைக்கு ஐம்பது முடித்தேன்" என்பார்கள். தப்பானதை என்ன செய்தீர்கள் என்றால், "விடைக்குறிப்பைப் பார்த்தேன், புரிந்துவிட்டது." சிக்கல் அங்கேதான். அடுத்தவர் போட்டுவைத்த ஸ்டெப் எல்லாமே புரியத்தான் செய்யும். முதல் ஸ்டெப் எப்படித் தோன்றியது என்பதுதான் தேர்வறையில் நினைவுக்கு வராது.

அதனால் விடைக்குறிப்பைத் திறந்தால் முதல் வரியை மட்டும் பாருங்கள். உடனே மூடிவிட்டு மீதியை வெற்றுத்தாளில் நீங்களே போடுங்கள். மூன்று நாள் கழித்து அதே கணக்கை எதையும் பார்க்காமல் போட வேண்டும். வரவில்லையென்றால் ஒரு வாரத்தில் இன்னொரு முறை. மறுநாளே போட்டால் விடை மனதில் நிற்கும். கணக்குத் தெரிந்ததாக நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம்.

தவறுக்குத் தனி நோட்டு போடுகிறவர்கள் பெரும்பாலும் அதில் 'சில்லி மிஸ்டேக்' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அது காரணமே இல்லை. எந்த வரியில் சறுக்கினோம் என்பதை எழுத வேண்டும். உதாரணத்துக்கு ஒன்று: ஓர் எண்ணோடு 7 கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், அதே எண்ணில் 5 கழித்தது கிடைக்கிறது. எண் எது? இருபுறமும் வர்க்கப்படுத்தினால் இருபடிச் சமன்பாடு வரும், மூலங்கள் 2, 9. பலர் இரண்டையும் விடையாகக் குறித்துவிடுவார்கள். 9 சரி: 16-இன் வர்க்கமூலம் 4, 9 − 5 = 4. ஆனால் 2-ஐப் போட்டால் ஒருபுறம் 3, மறுபுறம் −3. வர்க்கப்படுத்தும்போது குறி அழிந்துபோவதால் இல்லாத மூலம் ஒன்று நுழைந்துவிடுகிறது. நோட்டில் எழுத வேண்டியது: 'வர்க்கப்படுத்தினால், வந்த விடையை முதலில் இருந்த கணக்கில் போட்டுப் பார்.' கேள்வி தயாரிப்பவருக்கும் இந்தச் சறுக்கல் தெரியும். '2, 9' ஒரு தெரிவாகவே காத்திருக்கும்.

அசமன்பாட்டிலும் இதே கதை. (எக்ஸ் + 3) / (எக்ஸ் − 1) > 2 என்பதில் கீழே இருக்கும் (எக்ஸ் − 1)-ஆல் இருபுறமும் பெருக்கினால், எக்ஸ் 5-க்குக் கீழ் எதுவாகவும் இருக்கலாம் என்று வரும். 0 போட்டுப் பாருங்கள்: −3, அது 2-ஐவிடப் பெரிதா என்ன? பெருக்கும் கோவை குறை எண்ணாக இருந்தால் அசமன்பாட்டுக் குறி திரும்பும். சரியான விடை 1-க்கும் 5-க்கும் இடையே. இந்தச் சோதனைக்கு ஐந்து விநாடி போதும்.

நேரம் வைத்துப் போடுவதைப் பாடம் பிடிபட்ட பிறகு தொடங்கினால் போதும். முன்னதாகவே கடிகாரத்தை வைத்தால் குறுக்குவழிதான் பழகும், அடிப்படை பழகாது.

ஊகித்துக் குறிக்கலாமா? நான்கு தெரிவு, சரிக்கு 4, தப்புக்கு −1 என்றால், கண்ணை மூடிக் குறிப்பதில் சராசரியாகக் கேள்விக்குக் கால் மதிப்பெண்தான். இரண்டு தெரிவைக் காரணத்தோடு அடித்துவிட்டால் அது ஒன்றரை. மாதிரித் தேர்விலேயே ஊகித்த கேள்விகளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். விடை சரியாக வந்திருந்தாலும் அந்தக் கணக்கு நோட்டுக்குப் போக வேண்டியதுதான்.