பேசாம ஒரு கிரிவலம்

திருவண்ணாமலைக்கு பௌர்ணமில போனா கூட்டம், மைக் செட்டு, ரீல்ஸ் எடுக்கறவங்கன்னு ஒரே சத்தம், அதனால வேணும்னே சாதாரண செவ்வாய்க்கிழமை விடியக்காலைல போனோம், நானும் எங்க அத்தையும். அத்தை போட்ட ஒரே கண்டிஷன், ராஜகோபுரத்துக்கு முன்னாடி கற்பூரம் ஏத்தினதுலேர்ந்து 14 கிலோமீட்டர் சுத்தி வந்து சேர்ற வரைக்கும் ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது, போனும் பைக்குள்ளயே கிடக்கணும்.

அவங்களுக்கு இது புதுசு இல்ல, ஏகாதசின்னா மத்தியானம் வரைக்கும் மௌன விரதம், பால்காரர் வந்தாகூட விரல்லயே கணக்கு சொல்லிடுவாங்க. இப்ப நாம அதையே ரிசார்ட்ல காசு கட்டி கத்துக்கறோம் (எனக்கு இதுல கொஞ்சம் கடுப்பு உண்டு).

இந்திர லிங்கம், அக்னி லிங்கம் தாண்டியும் வாய்தான் மூடியிருக்கு, உள்ள ஆபீஸ் சண்டை, இஎம்ஐ, யாருக்கோ சொல்லாம விட்ட பதில்னு ஓயாத பேச்சு. நிருதி லிங்கம் தாண்டினப்புறம் அதுவே அலுத்துப்போய் கொஞ்சம் அடங்குச்சு, மலைய அப்பதான் சரியா பாத்தேன்.

டிபன் முடிச்சு மேல விரூபாக்ஷ குகைக்கு ஏறினோம். ரமணர் 1899லேர்ந்து 1916 வரை இருந்த இடம், 1902ல சிவப்பிரகாசம் பிள்ளைங்கற பக்தர் கேட்ட கேள்விக்கெல்லாம் எழுதித்தான் பதில் சொல்லியிருக்கார். அதுக்கும் முன்னாடி, 1898ல பவழக்குன்றுக்கு அம்மா அழகம்மாள் தேடி வந்து வீட்டுக்கு வாடான்னு அழுதப்பவும் பேசல, நடக்காதது என்ன பண்ணினாலும் நடக்காது, நடக்கறது தடுத்தாலும் நிக்காது, அதனால மௌனமா இருக்கறதே நல்லதுங்கற மாதிரி எழுதிக் கொடுத்து அனுப்பிட்டார். இந்த ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னிக்கும் செரிக்கல. பெத்தவ அழறப்போ ஒரு வார்த்தை பேசினா என்ன கொறஞ்சிடும்? இறங்கும்போது அத்தைகிட்ட கேட்டே கேட்டுட்டேன்.

"அவ என்ன கோச்சுக்கிட்டா போயிட்டா? 1916ல திரும்பி வந்து கடைசி வரைக்கும் மகன்கூடவே மலைல இருந்தாளே. 1922ல அவ அடங்கின இடத்தச் சுத்தித்தானடா கீழ ஆசிரமமே வந்துச்சு."

அதுக்கு மேல நான் வாதம் பண்ணல, ஆனா முழுசா ஒத்துக்கவும் இல்ல.

ஊருக்கு வந்தப்புறம் எந்திரிச்சதுலேர்ந்து குளிக்கிற வரைக்கும் பேசறதில்லன்னு வெச்சிருக்கேன், வீட்ல மொதல்ல கோவம்னு நெனச்சாங்க. பெருமையா அத்தைக்கு போன் போட்டு சொன்னா, "அந்த நேரத்துல வாட்ஸப் பாக்குறியா?"ன்னாங்க. ஆமான்னேன். "அப்ப அதுவும் பேச்சுக் கணக்குதான், மொதல்லேர்ந்து ஆரம்பி"ன்னுட்டு வெச்சிட்டாங்க.