இலண்டனில் வாப்பாவின் ஜனாஸா: காகிதங்களுக்காக அலைந்த ஒரு வார இறுதி

கிழக்கு இலண்டனில் என்னுடன் வசித்து வந்த வாப்பா (என் தந்தை), ஒரு வெள்ளிக்கிழமை இரவு மருத்துவமனையில் வஃபாத்தானார்கள். ஜனாஸாவை (இறந்தவரின் உடலை) தாமதமின்றி அடக்க வேண்டும் என்பது மார்க்கத்தின் கட்டளை. இங்கிலாந்திலோ, மரணக் காரணச் சான்றிதழை மருத்துவத் தேர்வாளர் (மரணக் காரணத்தைச் சரிபார்க்கும் தனி மருத்துவர்) பார்த்து ஒப்புக்கொண்டு, அது பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் போய், அவரிடமிருந்து பச்சைத் தாள் எனப்படும் அடக்க அனுமதி வந்தால்தான் அடக்கம் நடக்கும். இஸ்லாம் மேற்கத்தியச் சட்டத்தோடு ஒத்துப்போகாது என்று தொலைக்காட்சியில் வாதிடுபவர்களையும், இந்த நாட்டுச் சட்டம் நமக்கு ஒத்துவராது என்று நம் வீடுகளில் அலுத்துக்கொள்பவர்களையும் நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அடக்கத்தைப் பொறுத்தவரை இரு தரப்பும் சொல்வது தவறு என்பதை அந்த வார இறுதியில் நேரில் கண்டேன். ஆனால் சட்டம் தந்திருந்த இடத்தைக் கேட்டுப் பெறுவதற்குள் மிகவும் நொந்துபோனேன்.

சனிக்கிழமை காலை வார்டு மேசையில் இருந்த ஊழியர், சான்றிதழில் மூத்த மருத்துவர் மட்டுமே கையெழுத்திட முடியும் என்றும், அவர் திங்கட்கிழமைதான் வருவார் என்றும் சொல்லிவிட்டார். இது சரியல்ல. 2024 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, இறந்தவருக்கு உயிருடன் இருந்தபோது சிகிச்சை அளித்த, மரணக் காரணத்தை அறிந்த எந்த மருத்துவரும் சான்றிதழ் எழுதலாம். வாப்பாவை அந்த வாரம் முழுவதும் கவனித்துக்கொண்ட இளம் மருத்துவர் அதே தளத்தில்தான் பணியில் இருந்தார். இதை எடுத்துச் சொன்னபோது, மத நம்பிக்கைக்காக விதிகளை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. விதியை மாற்றச் சொல்லி நான் கேட்கவேயில்லை; இருக்கும் விதியைப் பின்பற்றுமாறுதான் கேட்டேன். தந்தையை இழந்து சில மணி நேரமே ஆன ஒருவன், ஏதோ சலுகைக்காகக் கையேந்துபவனைப் போல அந்த மேசைமுன் நிற்க நேர்ந்தது இன்றும் வலிக்கிறது.

வாப்பா சில வாரங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்திருந்ததைக் குறிப்பேட்டில் பார்த்த அந்த ஊழியர், அப்படியானால் விஷயம் கரோனரிடம் (இயற்கைக்கு மாறான அல்லது காரணம் தெரியாத மரணங்களை விசாரிக்கும் அதிகாரியிடம்) போகும், பிரேதப் பரிசோதனை நிச்சயம் என்றும் சொன்னார். உம்மா (என் தாய்) அதைக் கேட்டதும் உடைந்துபோனார்கள். இதை முடிவு செய்யும் அதிகாரம் வார்டு மேசைக்குக் கிடையாது என்பதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். வார இறுதிப் பொறுப்பிலிருந்த மருத்துவமனை மேலாளரை அழைக்குமாறு நான் வற்புறுத்திய பிறகே கதவு திறந்தது. வார இறுதி அழைப்புப் பணியில் இருந்த மருத்துவத் தேர்வாளரை அவர் தொலைபேசியில் பிடித்தார். தேர்வாளர் என்னிடம் பொறுமையாகப் பேசி, சிகிச்சையில் ஏதேனும் குறை தோன்றியதா என்று கேட்டு, விழுந்தபோது எடுத்த ஸ்கேனையும் பார்த்துவிட்டு, கரோனருக்கு அனுப்பத் தேவையில்லை என்று முடிவு செய்தார். இளம் மருத்துவர் சான்றிதழை எழுதினார்.

கரோனரிடம் போயிருந்தாலும் வழி முற்றிலும் அடைபட்டுவிடாது. உடலை அறுக்காமல் ஸ்கேன் மூலம் காரணத்தை அறிய முடியுமா என்பதை, மத அடிப்படையிலான மறுப்பைக் கருத்தில் கொண்டு கரோனர் ஆராய வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2015-இல் கூறியது. மதக் காரணத்துக்காக எவருடைய உடலையும் முன்னதாக விடுவிக்க முடியாது என்று உள் வடக்கு இலண்டன் கரோனர் வகுத்திருந்த கொள்கையை 2018-இல் அதே நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. இரண்டு வழக்குகளையும் நடத்தியவர்கள் யூதர்கள். அவர்களுக்கு நாமும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். சந்தேகத்துக்குரிய மரணமானால் பரிசோதனையை ஏற்கத்தான் வேண்டும். கட்டாயத் தேவைக்காக அதை அனுமதிக்கும் ஃபத்வாக்களும் (மார்க்கத் தீர்ப்புகளும்) உள்ளன.

சான்றிதழ் தயாரான பிறகும் பதிவாளரிடம் அது வந்து சேரவில்லை. மருத்துவமனை ஒரு நகர மன்றத்தின் எல்லையில், எங்கள் வீடு வேறொரு மன்றத்தின் எல்லையில். மரணம் நிகழ்ந்த எல்லையின் பதிவாளருக்குப் போக வேண்டிய கோப்பை வீட்டு முகவரியைப் பார்த்து அனுப்பியிருந்தார்கள். மன்றம் வெளியிட்டிருந்த வார இறுதித் தொலைபேசி எண்ணில் பதிவு செய்த குரல்தான் ஒலித்தது. பள்ளிவாசலின் ஜனாஸாக் குழுவிலிருந்த ஒரு காக்காவிடம் (மூத்த சகோதரரிடம்) வார இறுதி முறைப்பணியில் இருந்த பதிவாளரின் நேரடி எண் இருந்திராவிட்டால் திங்கள்வரை காத்திருந்திருப்போம். அந்தப் பதிவாளர் நல்ல மனிதர். அடக்கத்துக்கு மட்டுமானால், பதிவு முடியும் முன்பே தாள் தரச் சட்டத்தில் வழியிருக்கிறது என்று அவரே எடுத்துச் சொல்லி, ஞாயிறு காலை அதைக் கையில் தந்தார். குளிப்பாட்டுதல், கபன் துணி போர்த்துதல், லுஹர் எனும் நண்பகல் தொழுகைக்குப் பின் ஜனாஸாத் தொழுகை, அடக்கம் எல்லாம் குறையின்றி நிறைவேறின, அல்ஹம்துலில்லாஹ்.

இதே நிலையில் இருப்பவர்கள் சிலவற்றை முன்கூட்டியே கவனிக்க வேண்டும். நோயாளி மோசமான நிலையில் இருக்கும்போதே, வார இறுதியில் சான்றிதழ் எழுதக்கூடிய மருத்துவர் யார் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சவப்பெட்டி சட்டப்படி கட்டாயம் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். இங்கிலாந்தில் அப்படிச் சட்டம் இல்லை, அது அந்தந்த மையவாடியின் (அடக்கத்தலத்தின்) விதி மட்டுமே. ஊருக்குக் கொண்டுபோக விரும்பினால், நாட்டை விட்டு உடலை வெளியேற்றுவது பற்றிக் கரோனருக்குத் தனியே அறிவிக்க வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும்; காயல்பட்டினத்திலிருந்து உறவினர்கள் கேட்டும் நாங்கள் இங்கேயே அடக்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

திங்களன்று முறையான பதிவின்போது உம்மாவை மனைவி என்று எழுதுவதில் சிக்கல் எழவில்லை, ஏனெனில் ஊரில் நடந்த அவர்களுடைய நிக்காஹ் இந்தியச் சட்டப்படி செல்லும். இங்கிலாந்திலேயே நிக்காஹ் மட்டும் செய்துகொண்டு, சட்டப்படி திருமணத்தைப் பதியாமல் இருக்கும் தம்பதியர் இந்த இடத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அத்தகைய சடங்கைச் சட்டம் திருமணமாகவே கருதாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. வாழ்க்கைத்துணைக்குரிய வாரிசுரிமையைக் கைம்பெண் இழக்க நேரும், இன்றே பதிந்துவிடுங்கள்.

மருத்துவமனைக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன். அந்த ஊழியரைத் தண்டிக்கச் சொல்லவில்லை. யார் சான்றிதழ் எழுதலாம் என்ற விதியையும், விடுமுறை நாள் தேர்வாளரின் எண்ணையும் ஒவ்வொரு வார்டு மேசையிலும் ஒட்டி வைக்குமாறு கேட்டிருக்கிறேன்.