டர்பன் ஈரக்காற்றில் கெல்வின் சொட்டுப் பொறி

1867-இல் இயற்பியலாளர் கெல்வின் விவரித்த கருவி இது. மோட்டாரும் பேட்டரியும் வேண்டாம், தண்ணீர் சொட்டச் சொட்டவே மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு ஏறும். ஆனால் தென்னாப்பிரிக்கக் கடலோர நகரமான டர்பனில், ஈரம் மிகுந்த கோடையான ஜனவரியில் வைத்தபோது அசையவே இல்லை.

மேலே ஒரே வாளி, அதிலிருந்து மீன்தொட்டிக் குழாய் இரண்டு. நுனியில் 1 மி.மீ. துளையுள்ள கண்ணாடி முனை. அதற்குக் கீழே மூடியும் அடியும் வெட்டியெடுத்த சிறு தகர டப்பா, இதுதான் வளையம். அடியில் தண்ணீர் பிடிக்கும் பெரிய டப்பா. இடது வளையத்தை வலது டப்பாவோடும், வலது வளையத்தை இடது டப்பாவோடும் கம்பியால் சேர்க்க வேண்டும். குழாய்த் தண்ணீரே போதும், உப்பு போட வேண்டாம்.

வளையத்தில் நேர்மின்னூட்டம் இருந்தால் முனைத் தண்ணீரில் எதிர்மின்னூட்டம் இழுபட்டு வரும். அந்த நிலையில் சொட்டு அறுந்தால் அதை எடுத்துக்கொண்டே கீழ் டப்பாவில் விழும். அந்த டப்பா மறுபக்க வளையத்தோடு சேர்ந்திருப்பதால் அங்கே இதற்கு நேர்மாறாக நடக்கும், இரு பக்கமும் ஒன்றையொன்று வளர்க்கும். ஆகவே தாரை அறுபடும் இடம் வளையத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். முதல் தவறு அங்கேதான்: தாரை 2 செ.மீ. தாண்டி, வளையத்துக்கு வெளியே அறுந்துகொண்டிருந்தது. வால்வைக் குறைத்து, வளையத்தை இறக்கியதும் சரியானது.

அப்படியும் சொட்டுகள் நேராகவே விழுந்தன. சொட்டுகளே இங்கே மீட்டர். நேராக விழுந்துகொண்டே இருந்தால் மின்னூட்டம் வளரும் வேகத்தைவிடக் கசிவு அதிகம், அதனால் தொடங்கவே தொடங்காது. கொஞ்சம் சிதறி அதோடு நின்றால், தகரத்தின் கூர் விளிம்போ கம்பி நுனியோ மின்னூட்டத்தைக் காற்றில் ஒழுகவிடுகிறது. விளிம்பை உள்ளே மடிக்கணும், நுனியைச் சுருட்டணும்.

எங்கள் பிரச்சினை முதல் வகை. டப்பாக்களைத் தாங்கியது 2 லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா (இங்கே எந்த வீட்டில்தான் இல்லை, திறந்தால் உள்ளே பருப்பு). பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது, நல்லதுதான்; மேலே படிந்த கடலுப்பும் விரல்ரேகையும்தான் ஈரத்தை இழுத்துக் கசிவுக்குப் பாதை போட்டன. ஸ்பிரிட்டால் துடைத்து, ஹேர் டிரையரில் காயவைத்தோம்.

ஜூலையில் பெர்க் காற்று (உள்நாட்டு மலைப்பக்கமிருந்து கடலை நோக்கி இறங்கும் சூடான வறண்ட காற்று) வீசிய அன்று, தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே சொட்டுகள் குடைபோல் விரிந்தன. சில வளைந்து மேலேறி வளையத்தின் வெளிச்சுவரில் 'டிக்' என்று மோதின. டப்பாக்களுக்கு நடுவே 3 மி.மீ. இடைவெளியில் பொறி, ஏறக்குறைய 9 கிலோவோல்ட். லோட்ஷெட்டிங் மின்வெட்டு இருட்டில் இன்னும் அழகு.

டப்பா வழியும்முன் காலி செய்யணும். தாங்கி நனைந்தால் மறுபடி ஸ்பிரிட், மறுபடி டிரையர்.